பதினொன்றாவது எபிசோடு

மார்ச் 4

பாப்பாவுக்கு,

ஐம்பத்தொரு வயதான பிறகும் இந்த வீட்டில் உனக்குப் பெயர் பாப்பா. எல்லாக் கோளாறும் அங்கேதான் ஆரம்பம் என்று நினைக்கிறேன்.

போனில் பேசியிருக்கலாம். பேசினால் இரண்டாவது நிமிடம் நீ அழுவாய். நீ அழுதால் உன் அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு "விடும்மா, அவ அப்படித்தான் பேசுவா" என்பார். கடைசியில் குற்றவாளி நான். காகிதத்தில் நீ அழுதால் எனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

உன் அருமை மருமகன் உன் வீட்டில் இருக்கிறான் என்று தெரியும். என்ன நடந்தது என்று அவன் பாணியில் உனக்குச் சொல்லியிருப்பான். என் பாணியிலும் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றான். "அம்மா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. ஒரு வருஷமா. அவரும் ஆம்பளைதான்" என்றான். நான் மடித்துக்கொண்டே, "டிவியில பார்த்த குப்பையை எல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வராதே" என்றேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடிக்கவில்லை, கத்தவில்லை. அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்தக் குப்பையை அவன் தலையில் கொட்டியது யார்? ஆறு வருஷத்துக்கு முன்னால், கல்லூரி முதல் வருட விடுமுறையில் அவனை உன்னிடம் அனுப்பினேன். தனியாக இருக்கிறாயே, துணைக்கு இருக்கட்டும் என்று. நீ என்ன செய்தாய்? பக்கத்தில் உட்காரவைத்து, கொரியாக்காரன் மழையில் நனைவதையும் தாய்லாந்துப் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் தடுக்கி விழுவதையும் காட்டினாய். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரே டிஷ்யூ பெட்டியில் மூக்கைச் சிந்தினீர்கள். நானே கண்ணால் பார்த்தேன். அன்றைக்கே டிவிப் பெட்டியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

நான் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவள். வளைந்ததை எப்போது நிமிர்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாள் தள்ளினால் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும். அவனுக்குப் புத்தி சொல்லி இந்த வாரமே அனுப்பி வை.

அவனுக்கு வயிற்றுப்புண் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் டீ கொடுக்காதே. சாப்பிடுகிறானா என்று எழுது.

அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன், அது என் தப்பு. ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப தெளிவா தெரியுதா சார்?" என்று கேட்க வேண்டியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். அவர், "உனக்குத்தாம்மா கண்ணுல ஏதோ பிரச்சினை" என்றார்.

குப்பை என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் வரவில்லை அண்ணி, பரிதாபமாக இருக்கிறது. உங்களுக்கு எலும்பு தெரியும். அதைச் சுற்றி ஒரு மனுஷன் இருப்பது தெரியாது. எங்கள் அண்ணன் இத்தனை வருஷம் உங்களோடு எப்படிக் குடித்தனம் நடத்தினார் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

ஆணும் பெண்ணும் காதலிக்கிற கதை, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், எல்லாம் பார்த்திருக்கிறேன். கொரியா, தைவான், ஜப்பான், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. காதலைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு நம் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் பிள்ளை என்னைத் தேடி வந்தான். கதவைத் திறந்ததும், "அத்தை, உனக்காவது புரியும்ல?" என்றான். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். பின்னணியில் ஒரு பியானோ மட்டும்தான் குறை.

இன்னொரு விஷயம் சொல்கிறேன், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஆளை அவன் சந்தித்தது இதே கட்டடத்தில், லிஃப்டுக்குள்! போன வருஷம் என்னைப் பார்க்க வந்தபோது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதே, ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டானே, அப்போது! இருட்டில் கதவு இடுக்கு வழியாக ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்ததாம். எழுதினால்கூட இப்படி அமையாது அண்ணி. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வெளியூர் வேலை முடித்து வரப்போகிறார். எப்படி இருப்பார் என்று எனக்கு இப்போதே தெரியும்.

பார்க்காமல் பேசாதீர்கள். இப்போது ஓடுகிற குடை நாடகத்தைப் பாருங்கள். பெரிய வக்கீல் ஒருத்தனும், தெருவோரம் குடை ரிப்பேர் செய்கிறவனும். பன்னிரண்டு எபிசோடு. பார்த்துவிட்டு, பிறகு குப்பை என்று சொல்லுங்கள்.

பாப்பா


மார்ச் 25

பாப்பாவுக்கு,

பார்த்தேன். சாட்சி சேகரிப்பதற்காகப் பார்த்தேன், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு எபிசோடு ஆகியிருக்கிறது.

குப்பை.

முதல் எபிசோடில் வக்கீல் படியில் வழுக்கி விழுகிறான், குடைக்காரன் தாங்கிப் பிடிக்கிறான். அதை மூன்று பக்கத்திலிருந்து மெதுவாகக் காட்டுகிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தடவைதான் விழுந்திருக்கிறார்கள், ஒருத்தரையும் யாரும் பிடிக்கவில்லை. நாலாவதில் வக்கீலுக்கு இடது கணுக்கால் முறிகிறது. கட்டைப் போட்டவன் விரல் நுனி வரை மூடிவிட்டான். விரல் தெரியாவிட்டால் ரத்தம் ஓடுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பான்? ஆறாவதில் அதே கட்டோடு கொட்டுகிற மழையில் நின்று காதலைச் சொல்கிறான். மாவுக்கட்டு நனைந்தால் கூழ். ஏழாவதில் கட்டு வலது காலுக்குப் போய்விட்டது. எடுக்கிறவனுக்கும் தெரியவில்லை, நடிக்கிறவனுக்கும் தெரியவில்லை, பார்த்து அழுகிற உனக்கும் தெரியவில்லை. எந்தக் கால் என்றே தெரியாமல் என்ன காதல்?

இத்தனைக்கும் குடை ரிப்பேர் செய்கிறவன் கையில் ஒரு கீறல் இல்லை. முகத்தில் பவுடர். அவன் வாடகை எப்படிக் கட்டுகிறான்?

உன் அண்ணனையும் கெடுத்துவிட்டாய். பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கம் புரளுகிற சத்தமே இல்லை. நேற்று நான் அடுப்படியில் இருந்தபோது, "அந்தக் குடைக்காரன் ஊரை விட்டுப் போயிட்டானா, இருக்கானா?" என்று குரல் வருகிறது. மகன் வீட்டை விட்டுப் போனபோது இதே மனுஷன் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஆள் வந்தானா? என்ன வேலை? எத்தனை வயது? நீ பியானோ வாசிப்பதை நிறுத்திவிட்டு நேரடியாக எழுது. பையன் சாப்பிடுகிறானா என்று கேட்டிருந்தேன், அதற்குப் பதில் இல்லை. காலையில் டீயா, வேறு ஏதாவதா?

அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வந்தான். "வந்தார்" என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை.

அண்ணி, லிஃப்ட்காரன்! லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன்! அந்தக் குரல் தீயணைப்பு அதிகாரி, இல்லை லிஃப்ட் கம்பெனி முதலாளியின் மகன், வேஷம் மாறி வந்திருப்பான் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். இவனை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மாதாமாதம் எங்கள் கட்டடத்துக்கு வருவான். லிஃப்ட் மேலிருந்து இரண்டு பூட்ஸ் கால் தொங்கும், நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு படியில் ஏறிப் போவேன். அந்தக் கால்தான்.

முப்பத்துநாலு வயது. தொப்பை. உச்சியில் முடி கொட்டிவிட்டது, மிச்சத்தை வைத்து மறைக்கக்கூடத் தெரியவில்லை. கருவிப் பையை என் சோபாவில் வைத்தான், கிரீஸ் கறை போகவே இல்லை. விருந்துக்கென்று மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தேன். "கரண்ட் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்து ஃபியூஸ் பார்க்கப் போய்விட்டான்!

சரி, மனசு நல்ல மனசாக இருக்கலாம் என்று குடை நாடகத்தின் எட்டாவது எபிசோடைப் போட்டேன். குடைக்காரன் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிற இடம். நானும் பிள்ளையும் அழுதுகொண்டிருக்கிறோம், இவன் குறட்டை விடுகிறான். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு! பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? டிவி சத்தத்தைக் குறைத்தான். இவன் கழுத்துக்குக் கீழே தலையணை செருகினான். நான் நாடகத்தைப் பார்க்க, அவன் இவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதற்கா ஒரு பிள்ளை அம்மாவை விட்டு வந்தான்? இதையா நான் இத்தனை வருஷம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்?

உங்களிடம்தான் மனம் விட்டுச் சொல்ல முடிகிறது அண்ணி. தப்பு ஆணைக் காதலிப்பதில் இல்லை, இந்த ஆணைக் காதலிப்பதில் இருக்கிறது. ஜோடி என்றால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நிறைய வேண்டாமா?

கீழே மருந்துக்கடை வைத்திருக்கிறவரைப் பற்றி உங்களுக்கு எழுதியதில்லை. நல்ல உயரம். நெற்றியில் முடி விழுந்துகொண்டே இருக்கும், இரண்டு விரலால் ஒதுக்குவார். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கிற நிதானம் இருக்கிறதே! பிள்ளைக்கு வயிற்றுக்கு மருந்து வாங்க அனுப்பினேன். இரண்டு பேரும் கவுண்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிற்பதை வெளியிலிருந்து பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. இதுதான் ஜோடி. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், எந்த முகத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன்.

பாப்பா


ஏப்ரல் 15

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நம்ப முடியவில்லை.

மனுஷனுக்கு ஃபிரேம் தேர்ந்தெடுக்கிற மாதிரி ஆள் தேர்ந்தெடுக்கிறாய். அந்த லிஃப்ட்காரனை எனக்கும் பிடிக்கவில்லை, அது வேறு. எனக்கு ஆளே வேண்டாம் என்கிறேன். நீ ஆள் வேண்டும், ஆனால் என் ரசனைக்கு வேண்டும் என்கிறாய். என்னைவிட நீ மோசம். நான் அவனைத் திட்டினேன். நீ அவனை நடிக்கச் சொல்கிறாய். கையை வைக்காதே. எதிலும் கையை வைக்காதே.

லிஃப்ட் வேலை செய்கிறவர்கள் எங்களிடம் நிறைய வருவார்கள். கதவில் நசுங்கின விரல், கம்பியில் மாட்டின மணிக்கட்டு. அவனுக்கு விரல் எல்லாம் இருக்கிறதா? கையுறை போடுகிறானா? சும்மா கேட்கிறேன்.

ஒன்பதாவது எபிசோடோடு நிறுத்திவிட்டேன். அந்த வக்கீலின் அம்மா வருகிறாளே, கழுத்து நிறைய முத்து மாலை, வீட்டுக்குள் ஹை ஹீல்ஸ். மகன் எதிரே நின்று எல்லாவற்றையும் சொல்கிறான். அவள் ஜாடியில் பூ அடுக்கிக்கொண்டே இருக்கிறாள். ஒரு பூவை எடுக்கிறாள், காம்பை வெட்டுகிறாள், செருகுகிறாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் போன பிறகும் அடுக்குகிறாள். உன் அண்ணன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மடிக்கிற துணி என் மடியில் இருந்தது. டிவியை அணைத்துவிட்டேன். அந்த நடிகைக்கு நடிப்பே வரவில்லை.

பையனுக்கு வயிற்று மருந்து வாங்கினாய் என்றால் வலி வந்திருக்கிறது. நான் எழுதியதை நீ படிக்கவே இல்லை. காலையில் என்ன கொடுக்கிறாய்? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு நன்றி சொல்லுங்கள். உங்கள் விருப்பமும் நடந்துவிட்டது.

நீங்கள் பாதியில் நிறுத்தியதால் உங்களுக்குத் தெரியாது. எல்லாக் கதையிலும் பதினொன்றாவது எபிசோடில் பிரிவு வரும். யாராவது ஒரு பொய் சொல்வார்கள், இல்லை போன் உடையும், ஒருத்தன் விமானத்தில் ஏறுவான். பன்னிரண்டில், எது உண்மைக் காதலோ அது ஓடி வரும். ஓடி வராவிட்டால் அது காதலே இல்லை. இத்தனை நாடகத்தில் இது ஒன்றில்கூடத் தப்பியதில்லை. பிள்ளை தானாகப் பதினொன்றுக்கு வருகிற வழியாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் சந்தைக்குப் போகிறார்கள், வருகிறார்கள், முட்டை விலையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். கதையே நகரவில்லை.

அதனால் நான் நகர்த்தினேன். பிள்ளை குளிக்கும்போது அவன் போனை வாளித் தண்ணீரில் போட்டேன், தவறி விழுந்த மாதிரி. மறுநாள் அவன் புதுப் போன் பார்க்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் லிஃப்ட்காரன் வந்தான். "அவன் அம்மாகிட்டயே திரும்பிப் போயிட்டான். பொண்ணு பார்த்திருக்காங்க. உன்னை இனிமே தேட வேண்டாம்னு சொல்லச் சொன்னான்" என்றேன். குரல் நடுங்கியது, நன்றாகவே அமைந்தது. அவன் கருவிப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். படியில் இறங்கிப் போனான். லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

பிள்ளை வந்ததும், "அவர் வந்தார்ப்பா. அவங்க வீட்ல பிரச்சினையாம், இனிமே முடியாதுன்னு உன்கிட்டச் சொல்லச் சொன்னார்" என்றேன். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

அடுத்த நாள் மழை. மருந்துக்கடைக்காரரைக் குடையோடு வரவழைத்தேன், பிள்ளைக்கு மருந்து கொண்டுவருகிற சாக்கில். அவர் வந்தார், மருந்தை வைத்தார், "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றார், போய்விட்டார். முடியை ஒதுக்கக்கூட இல்லை. பரவாயில்லை, முதல் காட்சிதானே.

லிஃப்ட்காரன் ஓடி வரவில்லை அண்ணி. ஒரு வாரம் ஆகிவிட்டது. அவ்வளவுதான் அவன் காதல். பிள்ளை மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். கொஞ்ச நாளில் தெளிந்துவிடுவான். உங்களிடம் வரச் சொல்லவா, இங்கேயே இருக்கட்டுமா?

பாப்பா


மே 3

பாப்பா,

உன் கடிதம் வந்த மறுநாள் காலை கதவு தட்டுகிற சத்தம். திறந்தேன். நீ எழுதியபடியே இருந்தான். தொப்பை, வழுக்கை, தோளில் பை. நாலு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது, சட்டை முழுக்க வியர்வை. எங்கள் லிஃப்ட் ஓடாமல் கிடக்கிறதே, அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா பார்த்துக்கிறாங்க?" என்றான். என் வாசலில் வந்து நின்று அவன் பேசிய முதல் வார்த்தை அது.

அவன் ஓடி வந்தான், முட்டாளே. அம்மாவிடம் போய்விட்டான் என்று நீதானே சொன்னாய்? பையன் எப்போதோ சொன்ன தெருப் பெயரை வைத்துக்கொண்டு அம்மாவைத் தேடி வந்தான். நீ ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அவன் பஸ் பிடித்து வேறு ஊருக்கு வந்துகொண்டிருந்தான்.

உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நிறுத்தினேன். அவன் சொன்னான், "அவன் வாயால ஒரு தடவை வேண்டாம்னு சொல்லட்டும்மா. கேட்டுட்டுப் போயிடறேன். சண்டை போட வரல." நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மார்ச் மாதத்திலிருந்து நான் கேட்டது எல்லாம் என் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது. பொய்யைக்கூட நீ சொல்லி முடித்துவிட்டாய், நான் தலையை ஆட்டினால் போதும். இறங்கிப் போயிருப்பான். அவனைப் பார்த்தாலே தெரிந்தது, போ என்றால் போகிற ஆள். ஆட்டலாம் என்றுதான் இருந்தேன். உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

நான் நிலையை விட்டு நகராததும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா. அவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வெறும் வயித்துல டீ குடிக்க வேண்டாம்னு. நான் சொன்னா சரி சரிம்பான், கேக்க மாட்டான். நீங்க சொன்னா கேப்பான்" என்றான்.

நீ இரண்டு மாதமாகப் பதில் எழுதாத கேள்வி, பாப்பா. காதலைப் பற்றி நம் குடும்பத்தில் உனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது என்று எழுதினாயே. உன் வீட்டில் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான், நீ மருந்துக்கடைக்காரன் முடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். போன், வாளி, பொண்ணு பார்த்த கதை, குடை. கேட்டுவிட்டு அவன் உன்னைத் திட்டுவான் என்று நினைத்தேன், நானும் கூடச் சேர்ந்துகொள்ளத் தயாராக இருந்தேன். "அப்ப அவன் என்னை வேண்டாம்னு சொல்லலையா?" என்றான். நான் இல்லை என்றேன். அழுதான். பார்க்கச் சகிக்கவில்லை. மூக்கு ஒழுகுகிறது, முகம் கோணுகிறது, சத்தம் வேறு. என் முகத்துண்டை எடுத்துச் சிந்தினான். உன் அண்ணன் பேப்பரை வைத்துவிட்டு, மடிப்புக் கலையாத இன்னொரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவன் விரல்களை எண்ணிப் பார்த்தேன். பத்தும் இருக்கிறது. வலது சுண்டுவிரல் பழைய முறிவு, யாரோ கோணலாக ஒட்டவிட்டிருக்கிறார்கள்.

இன்னும் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனோடு அங்கே வருகிறேன். முன்கூட்டிப் போன் செய்ய மாட்டேன், பையனிடம் உண்மையைச் சொல்லவும் மாட்டேன். அவன் எதிரே உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்து, நீயே சொல். நாங்கள் வருவதற்கு முன்னால் சொல்லி முடித்திருக்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றாதே.

அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் வந்து போன பிறகு வீடு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

சொன்னபடி சொல்லிவிட்டேன். நான் பேசி முடிக்கிற வரை பிள்ளை என்னையே பார்த்தான். "ஏன் அத்தை?" என்று கேட்டான். பதினொன்றாவது எபிசோடு என்று அந்த முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? "எனக்கு வாய்க்கலப்பா, உனக்காவது அழகா அமையணும்னு நினைச்சேன்" என்றேன். "எனக்கு அமைஞ்சுதானே இருந்துச்சு" என்றான்.

நீங்கள் மூன்று பேரும் வந்தபோது நான் கதவோரம் கைக்குட்டையோடு நின்றேன். இப்போது ஓடுவான், கட்டிப்பிடிப்பான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. லிஃப்ட்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சாப்பிட்டியா?" என்றார். பிள்ளை, "லூசு, எங்க போய்த் தொலைஞ்ச?" என்றான். அவர், "உங்க வீட்டுக்குத்தான்" என்றார். அவ்வளவுதான் அண்ணி. நீங்கள், "சீக்கிரம் பையை எடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றீர்கள். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டார். விளம்பரத்துக்கு அழுகிறவள் நான். அன்றைக்கு ஒரு சொட்டு வரவில்லை. கைக்குட்டை மடித்தபடி கையிலேயே இருந்தது.

நீங்கள் எல்லாரும் லிஃப்டில் இறங்கிப் போனீர்கள். பிள்ளை என் பக்கம் திரும்பவில்லை. கதவு மூடுகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த வாரம் லிஃப்டைப் பார்க்க லிஃப்ட்காரர் வந்தார். மேலிருந்து அந்தக் கால் தொங்கியது. நின்று, "டீ வேணுமா?" என்று கேட்டேன். "சர்க்கரை கம்மியாம்மா" என்று குரல் மட்டும் வந்தது. அது மன்னிப்பா, தாகமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதற்கெல்லாம் பின்னணி இசை இருந்தால்தான் எனக்குப் புரியும்.

பிள்ளைக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உங்கள் சொல்லைத்தான் கேட்பான் என்கிறார்களே.

பாப்பா


ஜூன் 2

பாப்பாவுக்கு,

சொல்ல மாட்டேன்.

நீ நினைக்கிற மாதிரி இங்கே தினமும் கொண்டாட்டம் இல்லை. பையன் வீட்டில் இருக்கிறான், வேலை பார்க்கிறான், காலையில் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்ட பிறகுதான் டீ. ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரன் வருகிறான். வந்தால் உன் அண்ணனும் அவர்கள் இரண்டு பேருமாக டிவி பார்க்கிறார்கள். லிஃப்ட்காரனும் உன் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் குறட்டை விடுகிறார்கள். என்ன நாடகமோ, நான் கவனிப்பதில்லை. அதில் ஒருத்தனுக்குத் தோள்பட்டை விலகியிருக்கிறது, கையைத் தாங்குகிற தூளியைத் தப்பான கையில் மாட்டியிருக்கிறார்கள்.

குடை நாடகத்தின் கடைசி எபிசோடைப் பார்த்தாயா என்று கேட்காதே. பார்த்தேன். முத்து மாலைக்காரி விமான நிலையத்துக்கு வந்து, மகனைக் கட்டிக்கொண்டு இரண்டு வரி பேசுகிறாள், அவன் உடனே "அம்மா" என்று சாய்ந்துவிடுகிறான். இரண்டு வரி! எவ்வளவு பெரிய பொய். நான் போன வாரம் துணியைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, "அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு" என்றேன். அவன், "ம்" என்றான். போய்ப் பாத்திரம் கழுவினான். இன்றைக்கு வரைக்கும் எனக்குக் கிடைத்தது அந்த "ம்" ஒன்றுதான்.

உனக்கு அதுகூட வரவில்லை என்று எனக்குத் தெரியும். லிஃப்ட்காரனுக்கு டீ கொடு. சோபாக் கறையைப் பற்றிப் பேசாதே. பையனுக்குத் தினமும் போன் செய்து உயிரை எடுக்காதே.

அவன் மன்னிக்கிறபோது மன்னிக்கட்டும். பெற்றவள் நானே இங்கே வரிசையில் நிற்கிறேன். நீ என் பின்னால் வந்து நில். முண்டாதே.

அண்ணி